சில்லு விழுந்தா கண்ணாடியையே மாத்தணுமா?

'சிங்கப்பூர் பிஐஇ விரைவுச்சாலையில லாரி தெறிச்ச கல்லு பட்டா காரோட முன்கண்ணாடி முழுசும் போச்சு'ன்னு ஒருத்தர் சொல்றது சரியில்லை. முன்கண்ணாடி ரெண்டு தகடு, நடுவுல பிளாஸ்டிக் படலம். வெளித்தகடு மட்டும் பேர்ந்து, சில்லு ஒரு வெள்ளி (டாலர்) காசு அளவுக்குள்ள அடங்கினா, பெரும்பாலும் ரெசின்ங்கிற தெளிவான பசையை ஏத்தி யூவி (புற ஊதா) விளக்குல இறுக வச்சிடலாம். லேசான தழும்பு நிக்கும்; அது ஓட்டுறவர் கண்ணுக்கு நேரா வந்தா மாத்துறதுதான் சரி. ஓரத்தைத் தொட்ட விரிசல், உள்தகடு வரை போனது, இதுக்கும் மாத்துறதுதான் சரி.

பட்டறைக்குப் போற வரை மேல டேப் ஒட்டுங்க, ஈரமும் அழுக்கும் உள்ள போனா ரெசின் பிடிக்காது. சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அப்புறம் ரெசின் போக வழியே இருக்காது. வெயில்ல கிடந்த வண்டியில ஏறினதும் ஏர்கானை முழுசா வைக்காதீங்க. அப்ப சில்லு நீள விரிசலா ஓடிடலாம். கண்ணாடிக்குப் பின்னால ஓட்டுறவருக்கு உதவுற காரோட கேமரா இருந்தா, மாத்தினதும் அதைச் சரிபார்த்து அமைக்கச் சொல்லுங்க.