காசு குடுத்தது பால்கனிக்கு, பக்கத்து ரூம்காரங்க தூக்கத்துக்கு இல்ல

கப்பல்ல பால்கனி ரூம் எடுத்துட்டா வங்காள விரிகுடாவையே பட்டா போட்டு வாங்கிட்டதா சில பேருக்கு நெனப்பு. ரொம்ப நாளா மனசுக்குள்ளயே வச்சிருந்தேன், இன்னைக்கு எழுதிடுறேன், நீளமாதான் போகும், பொறுமை இருக்கறவங்க படிங்க.

2022 ஜூன்ல நம்ம சென்னை ஹார்பர்ல இருந்து சுற்றுலாக் கப்பல முதலமைச்சர் கொடியசைச்சு அனுப்பி வச்சதுல இருந்தே எங்க வீட்ல இந்த ஆசை ஓடிட்டு இருந்துச்சு. தண்டையார்பேட்டையில பொறந்து வளந்த எங்களுக்கு ஹார்பர்னா கன்டெய்னர் லாரி, எண்ணூர் ஹைரோடு டிராபிக், அப்பாவோட ஷிப்ட், இவ்ளோதான். அதே ஹார்பர் வழியா பெட்டிய உருட்டிட்டு டூர் போவோம்னு யாரு நெனச்சா. கடைசியில நாங்க, நாத்தனார் குடும்பம், என் மாமியார் எல்லாரும் சேந்து ஒரு கப்பல்ல போனோம், உள்பக்க ரூம்ல ஜன்னலே இருக்காதுன்னு சொன்னதால வீட்டுக்காரரு கொஞ்சம் கூட போட்டு பால்கனி ரூமே எடுத்துட்டாரு. கப்பல பத்தி எனக்கு ஒரு குறையும் இல்ல. சாப்பாடு நல்லா இருந்துச்சு, ரூம் பையன் தங்கமான பையன். நான் சொல்ல வர்றது கூட வந்த மனுஷங்கள பத்தி.

முதல்ல போகாதவங்களுக்கு அந்த பால்கனி எப்படி இருக்கும்னு சொல்லிடுறேன், அது தெரியாம இந்த விஷயம் புரியாது. ரெண்டு நாற்காலி, ஒரு குட்டி டேபிள், அவ்ளோதான் இடம். ரெண்டு பக்கமும் பக்கத்து ரூம் பால்கனி. நடுவுல இருக்கறத சுவருன்னு சொல்ல முடியாது, ஒரு தடுப்பு பலகை. கீழ கைய விடுற அளவுக்கு இடைவெளி, ரெயிலிங் ஓரமா இன்னொரு இடைவெளி. நான் நாற்காலியில உக்காந்தா பக்கத்து வீட்டு... பாருங்க, வீடுன்னே வருது, பக்கத்து ரூம் அம்மாவோட கால் விரல் மெட்டி எனக்கு தெரியுது. அவங்க டீ கப்ப டேபிள்ல வைக்கிற சத்தம் கேக்குது. தலைக்கு மேல இன்னொரு பால்கனி, கீழ இன்னொண்ணு. கப்பல் ஓடுற வேகத்துக்கு காத்து முன்னாடி இருந்து பின்னாடி அடிச்சிக்கிட்டே இருக்கும், முன்பக்க ரூம்ல பேசுறது, புகைக்கிறது, உதறுறது எல்லாத்தையும் அந்த காத்தே பின்பக்க ரூமுக்கு கொண்டாந்து சேத்துடும்.

இப்படி ஒரு இடத்துல ராத்திரி பன்னெண்டரைக்கு புளூடூத் ஸ்பீக்கர் வச்சு பாட்டு போட்டா என்ன அர்த்தம்? உள்ள டிஜே இருக்கு, மேல நீச்சல் குளத்துக்கிட்ட ஆட்டம் பாட்டம் இருக்கு, அங்க போய் தொண்டை கிழிய கத்துங்க, யாரு கேக்கப்போறா. எனக்கும் குத்துப்பாட்டு புடிக்கும், நானும் அங்க போய் ஆடிட்டுதான் வந்தேன். ஆனா எங்க பக்கத்து ரூம் குடும்பம் ரூமுக்கு வந்தப்புறம்தான் கச்சேரியே ஆரம்பிக்குது, நாலஞ்சு ஆம்பளைங்க, ஸ்பீக்கர டேபிள் மேல வச்சுட்டு, நடுவுல ஒருத்தரு கூடவே பாடுறாரு, சுருதி ஒரு பக்கம் அவரு ஒரு பக்கம். என் மாமியார் பிபி மாத்திரை போட்டுட்டு படுத்தவங்க எழுந்து உக்காந்துட்டாங்க. "இன்னாமே இது, எதுனா கல்யாணமா"ன்னு கேக்குறாங்க.

இதுல எனக்கு கோவம் வந்தது பாட்டுக்காக மட்டும் இல்ல. அன்னைக்கு சாயந்தரம்தான் பஃபேல இதே குடும்பத்து அம்மா என்கிட்ட நல்லா சிரிச்சு பேசி, நீங்க எந்த ஏரியான்னு கேட்டாங்க. தண்டையார்பேட்டைன்னேன். "ஓ... நார்த் மெட்ராஸா"ன்னு ஒரு இழுவை. நம்ம ஆளுங்களுக்கு அந்த இழுவை நல்லா தெரியும். அதுல எல்லாமே இருக்கும், சத்தம், சண்டை, கலீஜ், டீசன்ட் தெரியாதவங்க, எல்லாம். அப்புறம் கொஞ்சம் தன் தட்டு பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அதே டீசன்டான வீட்டுக்காரங்கதான் நடுராத்திரி கச்சேரி.

நான் ஹவுசிங் போர்டுல வளந்தவ. வரிசையா வீடு, முன்னாடி எல்லாருக்கும் பொதுவா ஒரு நீளமான வராண்டா. எங்க வீட்டு குக்கர் எத்தன விசில் அடிச்சதுன்னு மூணு வீடு தள்ளி இருக்கறவங்க சொல்லுவாங்க. அங்க யாரும் போர்டு எழுதி மாட்டல, ஆனா சட்டம் இருந்துச்சு. மேல் மாடியில இருந்து வாளித் தண்ணி ஊத்தணும்னா முதல்ல "தண்ணி ஊத்துறேன்பா, கீழ யாரு"ன்னு குரல் குடுக்கணும். துணிய கீழ் வீட்டு கொடி மேல சொட்டாத மாதிரி நல்லா புழிஞ்சிட்டுதான் போடணும். ஹார்பர்ல நைட் ஷிப்ட் முடிச்சிட்டு ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் கண் முழிச்ச அண்ணன் பகல்ல தூங்குவாரு, அவரு வீட்டு வாசல்ல பந்து வெளையாடுனா எந்த வீட்டு புள்ளன்னு பாக்காம எந்த வீட்டு அம்மாவா இருந்தாலும் முதுகுல ஒண்ணு வைக்கும். எதிர் வீட்ல சாவுன்னா பத்து நாளைக்கு டிவி சத்தம் வெளிய வராது. யாரும் சொல்லிக் குடுக்கல, சுவருக்கு சுவரு ஒட்டி இருந்தா தானா வந்துடுது.

நாங்க என்னமோ மகான்கள்னு சொல்லல. ஆடி மாசம் எங்க பக்கம் வந்து பாருங்க, கூழ் ஊத்துறதுக்கு காலைல அஞ்சு மணிக்கே குழாய் ரேடியோ கட்டி தூள் கெளப்பிடுவாங்க, பரீட்சைக்கு படிக்கிற புள்ள காதுல பஞ்சு வச்சுக்கணும். அதையும் நான் திட்டுவேன். ஆனா அது முன்னாடியே சொல்லிட்டு, எல்லா வீட்லயும் வசூல் பண்ணி, எல்லாருக்கும் கூழும் குடுத்து பண்றது. கப்பல்ல எனக்கு யாரு கூழ் குடுத்தா?

சத்தத்த கூட விட்டுடலாம், காதுல பஞ்ச வச்சிக்கலாம். சிகரெட்ட மட்டும் விடவே மாட்டேன். நிறைய கப்பல் கம்பெனிங்க பால்கனியில சிகரெட் புடிக்கவே தடை போட்டு வச்சிருக்காங்க, ராயல் கரீபியன் 2014 ஜனவரியில இருந்தே அப்படிதான். நாங்க போன கப்பல்லயும் கூடாதுன்னுதான் சொன்னாங்க. இது ஏதோ நாத்தம் புடிக்காதவங்களுக்காக போட்ட ரூல்னு நெனச்சிக்கிட்டு, திருட்டுத்தனமா ரெண்டு இழுப்பு இழுத்துட்டு துண்ட கடல்ல சுண்டி விடுறாங்க. அது கடல்ல போய் விழும்னு யாரு சொன்னா? காத்து அத அப்படியே கப்பல் ஓரமாவே இழுத்துட்டு போய் பின்னாடி இருக்குற இன்னொருத்தர் பால்கனியில, அங்க காயப்போட்டு இருக்குற டவல் மேல போட்டுடும்.

இது சும்மா பயமுறுத்துறதுக்கு சொல்லல. 2006 மார்ச் 23, ஸ்டார் பிரின்சஸ்னு ஒரு பெரிய கப்பல், கரீபியன் கடல்ல ஜமைக்கா பக்கம் போயிட்டு இருந்துச்சு, விடியக்காலம் மூணு மணி வாக்குல ஒரு பால்கனியில தீப்பிடிச்சுது. அணைக்காம போட்ட சிகரெட்டாதான் இருக்கணும்னு விசாரணையில சொன்னாங்க. அந்த பால்கனி தடுப்பு, தரை ஓடு, நாற்காலி எல்லாமே பிளாஸ்டிக் சமாச்சாரம், கொஞ்ச நேரத்துல பால்கனிக்கு பால்கனி, மாடிக்கு மாடி ஏறிடுச்சு. ஒரு பயணி இறந்துட்டாரு, நிறைய ரூம் கருகிப்போச்சு. அதுக்கப்புறம்தான் உலகம் பூரா சட்டத்த மாத்துனாங்க, பால்கனியில இருக்குற பொருள் சுலபமா எரியாததா இருக்கணும், இல்லன்னா அங்கேயே தீய கண்டுபிடிச்சு அணைக்கிற சிஸ்டம் இருக்கணும்னு, 2008 ஜூலையில இருந்து அமலுக்கு வந்துச்சு. இன்னைக்கு நீங்க உக்காந்து போட்டோ எடுக்குற பால்கனிக்கு பின்னாடி அந்த ராத்திரி இருக்கு.

எங்க ஹார்பருக்கும் இந்த மாதிரி ஒரு கதை இருக்கு. எம்.வி. சிதம்பரம்னு ஒரு கப்பல் மெட்ராஸ்ல இருந்து நாகப்பட்டினம், பினாங்குன்னு சிங்கப்பூர் வரைக்கும் போயிட்டு இருந்துச்சு, 1984ல நடுக்கடல்ல தீப்பிடிச்சு பல பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் அந்த சர்வீஸே நின்னு போச்சு. எங்க அப்பா அத சொல்லும்போதெல்லாம் "ரோட்ல தீப்பிடிச்சா ஓடலாம், கடல்ல எங்க ஓடுவ"ம்பாரு.

என் மாமியார் சூட்கேஸ்ல கற்பூரம், ஊதுபத்தி, தீப்பெட்டி எல்லாம் வச்சிருந்தாங்க. சூரியன் கடல்ல இருந்து எழும்பும்போது பால்கனியில நின்னு கற்பூரம் காட்டணும்னு ஊர்லயே வேண்டிக்கிட்டு வந்திருக்காங்க, எங்க யாருக்கும் தெரியாது. ஏறும்போதே ஸ்கேன்ல புடிச்சு வாங்கி வச்சிட்டாங்க. நாத்தனாருக்கு ஒரே கோவம், சாமி விஷயத்துல கூடவா ரூல்னு. மாமியார்தான் அடக்குனாங்க. "உடுமா, பெட்ரோல் பங்க்ல நின்னு கற்பூரம் ஏத்துவோமா, அது மாதிரிதான்"னாங்க. காலைல அஞ்சரைக்கு எழுந்து, கதவ சத்தம் வராம தள்ளிட்டு போய், வெறுங்கையால கும்புட்டாங்க, முடிஞ்சு போச்சு. அவங்க பழைய வண்ணாரப்பேட்டையில கூட்டுக் குடும்பத்துல, ஒரே முற்றத்துல நாலு அடுப்பு எரிஞ்ச வீட்ல இருந்தவங்க, அவங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதே இல்ல.

கதவுன்னதும் ஞாபகம் வருது, பால்கனி கதவ திறந்து போட்டுட்டு ரூம் கதவயும் திறக்காதீங்க. காத்து சுரங்கத்துல வர்ற மாதிரி உள்ள பூந்து ரூம் கதவ டமார்னு அடிக்கும், அந்த காரிடார்ல தூங்குற அத்தன பேரும் எழுந்துப்பாங்க, சின்னப் புள்ள விரல் நடுவுல மாட்டுனா அவ்ளோதான். நம்ம கடல் காத்துல இருக்குற ஈரத்துக்கு கதவ திறந்தே வச்சா ஏசியும் வேலைக்கு ஆகாது, சில கப்பல்ல கதவு திறந்தா ஏசி தானாவே நின்னுடும். அப்புறம் டவல், ஜட்டி, நைட்டி எல்லாத்தையும் ரெயிலிங்ல தொங்கவிடுறது. நான் பாக்கவே ஒரு பச்சை டவல் பறந்து போச்சு, அந்த அம்மா ஐயோன்னு கத்துறாங்க, அது கடலுக்கும் போகல, ரெண்டு மாடி கீழ எவரோ ஜூஸ் குடிச்சிட்டு இருந்தவரு பால்கனிக்குள்ள போயிடுச்சு. சிப்ஸ் கவர், தண்ணி பாட்டில தூக்கி போடுறவங்க தனி ரகம். கப்பல்ல இருந்து எந்தக் கடல்லயும் பிளாஸ்டிக் போடவே கூடாதுன்னு, கப்பலுங்க கடல அசுத்தம் பண்ணாம இருக்க உலக நாடுங்க போட்ட மார்போல் சட்டத்துல 1988 கடைசியில இருந்தே இருக்கு. காசிமேட்டுக்காரங்கள கேளுங்க, வலைய இழுத்தா மீனோட என்னென்ன வருதுன்னு சொல்லுவாங்க.

போன்ல ஸ்பீக்கர் போட்டு பேசுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கரை கிட்ட வந்து சிக்னல் கிடைச்சா போதும், எல்லா பால்கனியிலயும் வீடியோ கால். எனக்கு அந்தப் பக்கத்து ரூம்காரங்க மீஞ்சூர் இடத்த விக்கப்போறது தெரியும், மருமகன் எவ்ளோ கேக்குறாருன்னு தெரியும், மாமனாருக்கு அதுல இஷ்டம் இல்லன்னும் தெரியும். நான் ரெண்டு தடவ இருமிப் பாத்தேன். அவங்க குரல கூட்டுனாங்களே தவிர குறைக்கல.

"காசு குடுத்துதானே வந்திருக்கோம், என்ஜாய் பண்ண கூடாதா"ன்னு கேப்பீங்க. பண்ணுங்க. பகல்ல புள்ளைங்க சிரிக்கிறதையும், டால்பின பாத்தேன்னு கத்துறதையும் நான் குறையே சொல்லல, டால்பின பாத்தா நானும் கத்துவேன். ஆனா பக்கத்து ரூம்காரனும் அதே காசு குடுத்திருக்கான். அவன் அங்க என்ஜாய் பண்ண வந்தது அலை சத்தமா இருக்கலாம், இருட்டா இருக்கலாம். பால்கனி லைட்ட ராத்திரி பூரா எரிய விடாதீங்கன்னு சொல்றது அதுக்குதான், அந்த லைட்ட அணைச்சா எவ்ளோ நட்சத்திரம் தெரியுது தெரியுமா, நம்ம ஊர்ல எண்ணூர் பக்கம் இருக்குற வெளிச்சத்துக்கு ஒண்ணும் தெரியாது. முன்பக்க ரூம்ல கர்ட்டனையே மூடச் சொல்லுவாங்க, மேல பிரிட்ஜ்ல நின்னு கப்பல ஓட்டுறவங்களுக்கு முன்னாடி இருட்டா இருந்தாதான் கடல் தெரியும்.

தொந்தரவு பண்ணா என்ன செய்யறதுன்னா, தடுப்ப தாண்டி ரெயிலிங் பக்கமா தலைய நீட்டி எட்டிப்பாத்து சண்டை போடாதீங்க. விழுந்தா அவ்ளோதான், அதோட அடுத்தவங்க எந்த கோலத்துல உக்காந்திருக்காங்களோ. என் வீட்டுக்காரரு எங்க பால்கனிக்குள்ள இருந்தே தடுப்புக்கிட்ட நின்னு, "தம்பி, எங்கம்மா மாத்திரை போட்டு படுத்திருக்காங்க, கொஞ்சம் உள்ள வச்சு கேளுங்கப்பா"ன்னாரு, அவ்ளோதான். ஒரு நிமிஷம் அமைதி, அப்புறம் "சாரிண்ணே"ன்னு ஒரு குரல், ஸ்பீக்கர் உள்ள போயிடுச்சு. சுருதி இல்லாம பாடுனவரா கூட இருக்கலாம். அப்படி சொல்லியும் கேக்கலன்னா ரூம் போன்ல ரிசப்ஷனுக்கு சொல்லிடுங்க, அவங்க வந்து பேசுவாங்க. சின்னப் புள்ளைங்க இருந்தா நாற்காலிய ரெயிலிங்ல இருந்து தள்ளி போடுங்க, ஏறி நிக்கும், இத யாரும் சொல்ல மாட்டாங்க.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் கம்ப்ளெயிண்ட் பண்ணாதீங்க. கைக்குழந்தை அழுதா விடுங்க. எங்களுக்கு இன்னொரு பக்கத்து ரூம்ல ஒரு சின்னப் பொண்ணு, கைக்குழந்தையோட, ராத்திரி ரெண்டு மணிக்கு புள்ளய தோள்ல போட்டுக்கிட்டு பால்கனிக்கு வந்து நடக்குது, உள்ள புருஷன் தூங்குறான் போல. அந்த புள்ள என்ன ஸ்பீக்கரா, சவுண்ட குறைக்க. காலைல பாத்தப்ப அந்தப் பொண்ணு "அக்கா சாரி"ன்னுச்சு, வயித்து வலியா, ஓம வாட்டர் வச்சிருக்கியான்னு கேட்டு மாமியார் பையில இருந்து எடுத்துக் குடுத்தேன். அதுக்கு போய் ரிசப்ஷனுக்கு போன் போட்டான் பாருங்க மேல் மாடிக்காரன் ஒருத்தன், அவனத்தான் முதல்ல அடுத்த துறைமுகத்துல இறக்கி விட்டிருக்கணும்.