அம்பாந்தோட்டை விற்கப்படவில்லை, தம்பிகளே

"கடனைக் கட்ட முடியாத இலங்கை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனாவுக்கு விற்றுவிட்டது, கடனும் கழிந்தது" என்று காசிமேட்டுப் பசங்க வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள், மீனவர் பிரச்சினை எப்போதும் சூடாக இருக்கும் நம் பக்கம் இது சட்டென்று பற்றிக்கொள்கிறது. தவறு. 2017-ல் நடந்தது 99 ஆண்டுக் குத்தகை. சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனம் கொடுத்த சுமார் 112 கோடி டாலர் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் கூட்டியது, துறைமுகம் கட்ட வாங்கிய சீனக் கடனோ அப்படியே நின்றது.

சரி, அப்போ சீனாவுக்குச் செல்வாக்கே இல்லையா? இருக்கிறது, 99 ஆண்டு சின்ன விஷயமில்லை, அந்த ஊர் மக்களே 2017 ஜனவரியில் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். ஆனால் 2022-ல் இலங்கை திணறியபோது வெளிநாட்டுக் கடனில் பெரிய பங்கு, உலகச் சந்தையில் விற்ற டாலர் கடன் பத்திரங்கள்தான்.