ஆறு மாதத்தோடு கை முடிந்துவிடாது

“பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டால் பிசியோதெரபி வீண் செலவு” என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஐயா, அது தவறு. இதை நம்பிப் பயிற்சியை நிறுத்தும் குடும்பங்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு குறையும். அதுவரை சரி. குறைவது வேறு, நின்றுபோவது வேறு. அமெரிக்காவில் 222 பேரை வைத்து நடந்த ‘எக்ஸைட்’ ஆய்வு 2006இல் வெளியானது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆனவர்களைச் சேர்த்தார்கள். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையால் இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் கை நன்றாக இயங்கியது. ஓராண்டுக்குப் பிறகும் அந்தப் பலன் நிலைத்தது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நிமிர்த்த முடிந்தவர்களே அதில் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாக் கைகளுக்கும் இது பொருந்தாது.

என் அப்பா ஒன்பதாவது மாதத்தில்தான் காபி டம்ளரை இடக்கையால் பிடித்தார். பாதி சிந்தியது. இரண்டு மாதம் கழித்துச் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டார். ஒருவரின் அனுபவம் ஆதாரம் ஆகாது, தெரியும். ஆனால் “ஆறு மாதம் முடிந்தது” என்று அன்று நாங்கள் நிறுத்தியிருந்தால் அந்தப் பொத்தானை இன்றும் நான்தான் போட்டுவிட்டுக்கொண்டிருப்பேன்.

தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.