கொம்பு உரத்தைத் தாண்டி ஒரு பண்ணை

ரசாயனம் இல்லாத இயற்கை விவசாயத்தில் ஒரு வகையான பயோடைனமிக் விவசாயம் என்றதும் பேச்சு, சாணம் அடைத்து மண்ணில் புதைக்கும் மாட்டுக் கொம்பில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆதரிப்பவர்கள் அதை அற்புதம் என்கிறார்கள். மறுப்பவர்கள் மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். இரு தரப்பும் இந்த முறையின் மிகப் பயனுள்ள பகுதியைக் கவனிக்காமலே கடந்து போகின்றன என்பது என் கருத்து. பண்ணையை ஒரே உயிராகப் பார்த்து, அதன் வரவையும் செலவையும் அதற்குள்ளேயே நேர்செய்ய முயலும் கணக்குதான் அந்தப் பகுதி.

1924ஆம் ஆண்டு ஜூன் மாதம், அப்போது ஜெர்மனியில் இருந்த, இன்று போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில், ருடால்ஃப் ஸ்டெய்னர் விவசாயம் குறித்து எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். பயோடைனமிக் முறை அவற்றிலிருந்துதான் பிறந்தது. அவர் விவசாயி அல்லர், தத்துவவாதி. விதையின் வீரியம் குறைகிறது, கால்நடைகளுக்கு நோய் பெருகுகிறது என்று கவலைப்பட்ட விவசாயிகள்தான் அவரைப் பேசச் சொன்னார்கள். ஒரு பண்ணை தனக்குத் தேவையானதை முடிந்தவரை தன் எல்லைக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்னவற்றில் அடிப்படையானது. நிலம் எவ்வளவு தீவனம் தருமோ அதற்கேற்ற அளவில் மாடு, அந்த மாடு தரும் எருவுக்கேற்ற அளவில் பயிர் என்று ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் ஏற்பாடு அது. அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே அவர் இறந்துவிட்டார். பயோடைனமிக் விளைபொருள்களுக்கென்று 1928இல் உருவான டிமீட்டர் என்ற தரச்சான்று முத்திரையின் விதிகளில் அந்தச் சிந்தனை இன்றும் தெரிகிறது. மாட்டின் கொம்பைத் தீய்க்கவோ வெட்டவோ கூடாது. நிலத்தில் பத்தில் ஒரு பங்காவது பல்லுயிர்களுக்கென்று இருக்க வேண்டும்.

நம் ஊர்களில் கிடை போட்டதும், கொழிஞ்சியையும் தக்கைப்பூண்டையும் மடக்கி உழுததும், கோடையில் கண்மாய் வண்டலை வண்டி கட்டி வயலுக்கு அடித்ததும் இதே கணக்கில் வருபவைதான். மாடு போய் டிராக்டர் வந்த பிறகு அந்தக் கணக்கு அறுந்தது. எருவை லோடு கணக்கில் விலைக்கு வாங்கிக் கொட்டிவிட்டு, பையில் இயற்கை விவசாயம் என்று அச்சடித்துவிட்டால் அது மீண்டும் ஒட்டிக்கொள்ளாது.

கொம்பு உரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழனி மலை அடிவாரத்தில் ஒரு பண்ணையில், மழைக்காலத்துக்கு முன் புதைத்த கொம்புகளை மாசியில் தோண்டி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். கறவை மாட்டின் பச்சைச் சாணத்தை அடைத்துப் புதைத்திருந்தார்கள். கொம்பைத் தட்டியதும் கருத்த, பிசுபிசுப்பில்லாத மக்கு உதிர்ந்தது. சாண வாடை துளியும் இல்லை, காட்டு மண்ணின் மணம்தான் வந்தது. ஏக்கருக்கு அதில் 25 கிராம், சுமார் 13 லிட்டர் தண்ணீர். வலமாகச் சுழற்றி, நடுவில் ஆழமாகச் சுழி விழுந்ததும் சட்டென்று இடமாகத் திருப்பி, இப்படியே ஒரு மணி நேரம் கலக்கி, மாலையில் மண்ணில் தெளிக்கிறார்கள். "இது உரம் இல்லைங்கய்யா, மண்ணை எழுப்பி விடுறது" என்றார் அதைக் கலக்கியவர்.

உரம் இல்லை என்பதில் அவர் சொன்னது சரி. 25 கிராம் மக்கில் தழைச்சத்து அரை கிராம் இருந்தாலே அதிகம். நெல்லுக்கோ ஏக்கருக்குக் கிலோக் கணக்கில் வேண்டும். மண்ணை எழுப்புகிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும். இங்கேதான் பலர் தெரிந்தோ தெரியாமலோ தவறான ஒப்பீட்டைக் காட்டுகிறார்கள். நியூசிலாந்தில் 16 பண்ணைகளை ஒப்பிட்டு 1993இல் வெளியான ஆய்வில், பயோடைனமிக் பண்ணைகளின் மண் வழக்கமான ரசாயனப் பண்ணைகளின் மண்ணைவிட நல்ல நிலையில் இருந்தது. அதில் தொழுவுரமும் பயிர்ச் சுழற்சியும் செய்த வேலை எவ்வளவு, கொம்பு செய்த வேலை எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? கொம்பு உரம் முதலான தயாரிப்புகள் சேர்த்த இயற்கைத் தோட்டத்தையும் சேர்க்காத இயற்கைத் தோட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் ஒரு திராட்சைத் தோட்டத்தில் அப்படிப் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவில் மண்ணின் தரத்தில் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை.

சுவிட்சர்லாந்தின் தேர்வில் என்ற ஊரில் 1978 முதல் நடக்கும் நீண்ட கால வயல் சோதனையை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். 21 ஆண்டு முடிவுகளின்படி, பயோடைனமிக் உள்ளிட்ட இயற்கை முறைகளில் விளைச்சல் வழக்கமான ரசாயன முறையைவிடச் சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது. ஆனால் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 விழுக்காடு வரையும், பூச்சிக்கொல்லி 97 விழுக்காடும் குறைந்தன. மண்ணில் நுண்ணுயிர்கள் செழித்தன. இதில் இழப்பும் உண்டு, ஆதாயமும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்பவரையே நான் நம்புவேன்.

பயோடைனமிக் முறையில் நாள் பார்த்து விதைப்பதும் உண்டு. மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் பார்த்து விதைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆடிப்பட்டத்தில் மண் ஈரமாக இருக்கும்போது நாள் பார்த்துக் காத்திருந்து ஈரத்தை விடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நிலத்தின் நலமும் மனிதரின் நலமும் ஒன்று என்பதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வானிலிருந்து எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். அந்த ஊர்களின் குடும்பங்கள் இன்றுவரை அதன் பாதிப்பைச் சுமக்கின்றன. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உண்பவரின் உடலைப் பற்றி நகரத்தில் எவ்வளவோ பேசுகிறோம். முதுகில் டேங்க்கைச் சுமந்து, மூக்கில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு வரப்பில் நடப்பவரின் உடல்தான் முதலில் கெடுகிறது. முழுமையான அணுகுமுறை என்று யார் சொன்னாலும் அவரிலிருந்து தொடங்கட்டும்.

அதே அணுகுமுறையின் பெயரால் சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை நிறுத்தச் சொல்வதையும், புற்றுநோய் வந்தவரிடம் மருத்துவமனைக்குப் போகாமல் நல்ல அரிசியும் மூலிகையும் போதும் என்று சொல்வதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. மண்ணில் ஒரு போகம் தவறினால் அடுத்த போகம் உண்டு. நோயாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. நல்ல உணவு சிகிச்சைக்குத் துணை நிற்கும், சிகிச்சையின் இடத்தில் நிற்காது.

அவசரமும் அதே அளவு கெடுதல். இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். ஈடு செய்ய எருவும் இல்லை, மண் பழகக் காலமும் இல்லை. நெல்லும் தேயிலையும் விழுந்தன, நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அடி வாங்கியவர்கள் சிறு விவசாயிகள்.

பயோடைனமிக் பண்ணை நடத்தும் நண்பர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். உங்கள் நிலத்தில் ஒரு பாத்தியை மட்டும் கொம்பு உரம் இல்லாமல் விடுங்கள். மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும்: அதே விதை, அதே தொழுவுரம், அதே தண்ணீர், அதே நாள். மூன்று போகம் எடைபோட்டு, ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு பாத்தியிலும் மண் பரிசோதனை செய்து, வந்த எண்களை வந்தபடியே வெளியிடுங்கள். வேறுபாடு தெரிந்தால் நானே வந்து கலக்கக் கற்றுக்கொள்வேன். தெரியாவிட்டாலும் உங்கள் மாடுகளும் எருக்குழியும் வேலியோர மரங்களும் அப்படியே இருக்கட்டும்.