பழைய பத்திரிகைக் கட்டுகளும் ஒரு பிள்ளையின் கேள்வியும்

என்னிடம் முன்னர் படித்த பிள்ளை ஒருவர் நேற்றிரவு எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடமாக நிருபராக இருக்கிறார். "சேர், வேலையை விட்டு முதுமாணி படிக்கலாமா? ஊடகம் கற்பிக்கவும் ஆய்வு செய்யவும் விருப்பம். ஆனால் களத்தை விட்டு ஓடுகிறேன் என்கிறார்கள்." பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் இங்கே இடுகிறேன்.

ஓடுவது என்று யார் சொன்னது? பேராசிரியர் கைலாசபதி தினகரன் நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். அதன்பின் பர்மிங்ஹாமில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1974இல், பின்னாளில் பல்கலைக்கழகமான யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். பத்திரிகை மேசைக்கும் ஆய்வு மேசைக்கும் நடுவே இந்த மண்ணில் பாதை எப்போதோ போடப்பட்டுவிட்டது.

என் கவலை வேறு. வகுப்பறைக்குள் போன பிறகு எதைக் கற்பிக்கப் போகிறீர்கள்?

தொடக்க காலத்தில் நான் கற்பித்தது, அமெரிக்க ஜனாதிபதியைப் பதவி விலகவைத்த வாட்டர்கேட் செய்தி. புலனாய்வுச் செய்திக்கு அதைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது என்று உண்மையாகவே நம்பினேன். ஒருநாள் பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் கேட்டார்: "நிமலராஜன் எப்படிச் செய்தி சேகரித்தார், சேர்?" 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், வீட்டில் எழுதிக்கொண்டிருந்த யாழ்ப்பாணப் பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜனை யன்னல் வழியே சுட்டதை என்னால் விரிவாகச் சொல்ல முடிந்தது. அவர் செய்தியை எப்படித் திரட்டினார், எப்படிச் சரிபார்த்தார், தமிழில் ஒருவிதமாகவும் சிங்கள வாசகருக்கு வேறுவிதமாகவும் எழுதினாரா என்று மாணவர் அடுத்தடுத்துக் கேட்டபோது வாயடைத்து நின்றேன். அவர் எழுதிய செய்தி ஒன்றுகூட என் கையில் இருக்கவில்லை.

அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. நம்முடைய பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்ட திகதிகள் நமக்கு மனப்பாடம். 2006 மே 2இல் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து இருவரைச் சுட்டுக் கொன்றது தெரியும். 2007 ஓகஸ்ட் 1இல் ஊடகக் கற்கை மாணவராக இருந்த சகாதேவன் நிலக்ஷனைக் கொக்குவில் வீட்டில் கொன்றதும் தெரியும். நினைவுநாளில் விளக்கேற்றுகிறோம், ஏற்றத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் செய்த தொழிலை யார் படித்து வைத்திருக்கிறார்கள்? யாழ்ப்பாணத்து ஊடக ஆய்வாளர் தன் ஆயுளைக் கொடுக்க வேண்டிய இடம் இது என்று நான் நம்புகிறேன்.

படிக்கப் பொருளுக்குப் பஞ்சமில்லை. 1841இல் உதயதாரகை பத்திரிகை. 1889இல் இந்துசாதனம். 1930இல் ஈழகேசரி. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது அச்சுத்தாள் வராமல் கொப்பித் தாளில் அச்சான பத்திரிகைகள். இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்த பாடப்பொருள் மரண அறிவித்தல். ஒருமுறை மாணவர்களுக்கு வெவ்வேறு பத்தாண்டுகளின் அறிவித்தல்களைக் கொடுத்து, பிள்ளைகள் மருமக்களின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் ஊர்களை மட்டும் எழுதிவரச் சொன்னேன். பழையவற்றில் கொழும்பும் மலேசியாவும் வந்தன. பிந்தியவற்றில் கனடா, பிரான்ஸ், சுவிஸ், இலண்டன் நிறைந்து, ஊரிலேயே இருக்கும் பிள்ளை ஒருவராகக் குறைந்தார். உள்ளடக்கப் பகுப்பாய்வு என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாணவி தன் அப்பப்பாவின் அறிவித்தலைக் கண்டுபிடித்து அங்கேயே அழுதுவிட்டார்.

அழிந்ததும் நிறைய. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை உலகம் அறியும். அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகத்தையும் எரித்தார்கள் என்பது இன்றைய மாணவர் பலருக்குத் தெரியாது. எஞ்சியவற்றில் ஒரு பகுதியை 'நூலகம்' என்ற மின்னூலக நிறுவனம் 2005 முதல் மின்வடிவில் சேர்த்து வருகிறது. அந்தப் பக்கங்கள் இல்லையென்றால் என் வகுப்புகளில் பாதி நடந்திருக்காது. மீதி இன்னமும் வீட்டுப் பரண்களில் கறையானுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இனிக் கசப்பானதையும் சொல்கிறேன், பிள்ளை தெரிந்துகொண்டே வரட்டும். பதவியுயர்வு நேர்முகம் ஒன்றில் பழைய பத்திரிகைகள் பற்றி நான் தமிழில் எழுதிய ஆய்வுகளை முன்வைத்தேன். வெளிநாட்டு ஆங்கிலச் சஞ்சிகையில் வந்ததா என்று கேட்டுவிட்டு அந்தக் கோவையை ஓரமாக வைத்தார்கள். செய்தி அறையில் கழித்த 14 ஆண்டுகளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தமிழ்ப் பத்திரிகையைத் தமிழ் வாசகருக்காகத் தமிழில் ஆராய்வது எந்த வகையில் குறைந்த ஆய்வு? ஆங்கிலத்திலும் எழுத வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. தமிழில் எழுதியதற்குப் புள்ளி இல்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இளம் விரிவுரையாளர்கள் இதைப் பார்த்து, ஊர்ப் பத்திரிகையைத் தொடாமலே கலாநிதிகளாகிவிடுகிறார்கள்.

அதனால் அந்தப் பிள்ளைக்கு என் பதில்: முதுமாணிக்குப் பதியுங்கள், வேலையை இப்போது விடாதீர்கள். இன்னும் மூன்று வருடம் நிருபராக இருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டு, பதில் வராமல் மேன்முறையீடு செய்து பாருங்கள். நாளை ஒரு மாணவருக்கு அதைப் புத்தகத்திலிருந்து சொல்ல வேண்டியிராது. நிமலராஜனோடு வேலை செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், வயதாகிறது. அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போங்கள். முதல் கேள்வி அந்த இரவைப் பற்றியதாக இருக்க வேண்டாம். காலையில் எத்தனை மணிக்கு வேலை தொடங்குவீர்கள், முதலில் யாரோடு பேசுவீர்கள் என்று கேளுங்கள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தொண்ணூறுகளின் கட்டு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டி வைத்திருக்கிறேன். முதற்பக்கத் தலைப்புக்குக் கீழே கொப்பிக் கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.