கடன் கொடுக்காமல் கடை நடத்தச் சொல்கிறவர்களுக்கு

"கடன் கொடுப்பதை நிறுத்து, கடை தானாக வளரும்" என்று ஒருவர் பேசும் வீடியோவை இந்த வாரமும் யாரோ அனுப்பியிருந்தார்கள். நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் அவர் இலங்கை மலையகத்தில் எங்கள் பொகவந்தலாவைப் பக்கம் வந்து ஒரு மாதம் சில்லறைக் கடை நடத்திப் பார்க்க வேண்டும். இங்கே பாதிக் கடைகளில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று போர்டு தொங்கும். அதற்கு நேர் கீழே கடன் கொப்பி இருக்கும்.

தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வரும். 25 வாக்கில் ஒரு அட்வான்ஸ். ஆனால் ரொட்டிக்கு மா தினமும் வேண்டுமே. கடனே கொடுக்காத கடைக்கு மாதத்தில் சில நாள்தான் வியாபாரம், மற்ற நாளெல்லாம் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் கடன் கொடுப்பதை இரக்கம் என்றோ ஏமாளித்தனம் என்றோ நான் நினைப்பதில்லை. எங்கள் தொழிலே அதுதான். போட்ட முதல் கல்லாப்பெட்டியில் கிடக்காது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கிடக்கும். அதை எப்படி அளந்து கொடுப்பது என்றுதான் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆள் நாணயமானவரா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். நான் முதலில் பார்ப்பது அந்த வீட்டுக்கு இந்த மாதம் எத்தனை பேர் விழும் என்பதை. (வெளியூர்க்காரர்களுக்காக: ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். தோட்டம் கேட்கிற கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர்.) நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா ஆனபோதும், 2024இல் 1350 ஆனபோதும் கொழும்பிலிருக்கும் சொந்தக்காரர்கள் "இனி உங்களுக்கு நல்ல யாவாரம்" என்று போன் எடுத்தார்கள். 1350ஐ எத்தனை நாளால் பெருக்குவது என்று அவர்கள் கேட்கவில்லை. மேடையில் பேசுகிறவர்களும் கேட்பதில்லை.

எங்கள் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை பகலில் வெயில், விடியலில் பனி. கொழுந்து சுருங்கும், வேலை நாளும் குறையும். ஏப்ரல், மே மழைக்குத்தான் மலை மறுபடி துளிர்க்கும். அதனால் பெப்ரவரியில் கொப்பியை இறுக்கிப் பிடிப்பேன், மே மாதம் தளர்த்துவேன். தீபாவளியில்தான் கூடுதல் கவனம் வேண்டும். தோட்டம் கொடுக்கிற தீபாவளி முற்பணத்தை அடுத்து வரும் சம்பளங்களில் மாதாமாதம் வெட்டுவார்கள். அந்த வெட்டு முடிவதற்குள் வறட்சிக் காலமும் வந்துவிடும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வந்துவிடும். தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்து உடுப்பு, பட்டாசு எல்லாவற்றையும் கடனில் தூக்கிக் கொடுத்த கடைகள் தை மாதம் திணறுவது இதனால்தான்.

"அக்கா, இந்த மாசம் பன்னெண்டு பேருதான் விழுந்துருக்கு. பாதிதான் தர ஏலும்" என்று ஒரு தங்கச்சி வந்து முகத்துக்கு நேரே சொன்னால் எனக்கு நிம்மதி. "சரி, அரிசியும் மாவும் எடுத்துட்டுப் போங்க, மத்தத அடுத்த பத்தாந்தேதி பாப்போம்" என்று முடித்துவிடலாம். சொல்லாமல் மேல் பாதையால் சுற்றிப் போகிறவரிடம்தான் காசு நிற்கும். அவர் சுற்றிப் போவதற்குப் பெரும்பாலும் கடைக்காரர்தான் காரணம். நாலு பேர் நிற்கும்போது பாக்கியைச் சத்தமாக வாசித்தால் யார்தான் நேர்வழியில் வருவார்? எங்கள் கடையில் பாக்கித் தொகையைத் துண்டில் எழுதிக் கையில் கொடுப்பதோடு சரி.

எதைக் கடனுக்குக் கொடுப்பது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அரிசி, மா, பருப்பு, சீனி, மண்ணெண்ணெய், சவர்க்காரம் கொப்பியில் ஏறும். சோடா, பிஸ்கட், சிகரெட் ஏறாது. போனுக்குப் போடும் ரீலோட் ஏறவே ஏறாது. அதில் கிடைக்கிற கமிஷன் சொற்பம். ஒரு நூறு ரூபா ரீலோட் நின்றுபோனால் அதை எடுக்க எத்தனை பேருக்குப் போட வேண்டும் என்று கணக்குப் பாருங்கள், தலை சுற்றும்.

இந்தக் கணக்கெல்லாம் 2022இல் நொறுங்கியது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. கொப்பியில் பழைய விலைக்கு எழுதிய பருப்பின் காசு 10ஆம் திகதி முழுதாக வந்தாலும், அந்தக் காசுக்குக் கொழும்புப் புறக்கோட்டை மொத்தக் கடைகளில் அதே அளவு பருப்பு வராது. ஒருவர்கூட ஏமாற்றவில்லை, ஆனாலும் முதல் கரைந்தது. எங்களுக்குச் சாமான் போடும் ஏஜென்ட்மார் ஒரே வாரத்தில் "கையில் காசு, அப்புறம்தான் சாமான்" என்று மாறிவிட்டார்கள். வாங்கிய விலையோடு லாபத்தைச் சேர்த்து விற்பதைவிட, திரும்ப வாங்கப் போகிற விலையைப் பார்த்து விற்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் பல கடைக்காரர்களுக்கு விளங்கியது.

ஆமாம், எங்கள் விலை டவுனை விடக் கூடத்தான். லொறிக் கூலி, ஒரு மாதக் காத்திருப்பு, நின்றுபோகிற பாக்கி எல்லாம் அதற்குள் இருக்கிறது. கையில் காசுள்ளவர் பஸ்ஸேறி ஹட்டனுக்குப் போய் வாங்கினால் எனக்குக் கோபமில்லை.

மிஸ்ட் பிடிக்கிற ஊரில் சரக்கு வைப்பது தனிக் கதை. உப்பு கசியும், பால்மா கட்டியாகும், நெருப்புப் பெட்டி நமுத்துப்போகும். சீமெந்துத் தரையில் மூட்டை வைக்காமல் பலகை அடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்க வேண்டும். குறைவாக வாங்கு என்பார்கள். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலுக்கு மலையகத்துப் பாதைகள் மண்சரிவில் அறுந்தபோது, மூட்டை வைத்திருந்த கடைதான் லயத்துக்குச் சோறு போட்டது. அரிசியும் மாவும் மட்டும் கூடுதலாகவே இருக்கட்டும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது கிழமைக் கடன் கம்பனிகள் மேல். மாதச் சம்பளக்காரரிடம் வாராவாரம் வந்து தவணை கேட்டால் அவர் எங்கே போவார்? ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுப்பார். கடைக்காரருக்கும் வேறு வழி கம்மி. தோட்டக் காணியில் நிற்கிற கடைக்கு உறுதி (காணிப் பத்திரம்) கிடையாது. உறுதி இல்லாவிட்டால் வங்கியில் பேச்சே ஓடாது. தொழில்முனைவோர் பயிற்சி என்று கூப்பிட்டு வைத்துப் புரஜெக்ட் ரிப்போர்ட் எழுதச் சொல்லித் தருகிறவர்கள் இந்த உறுதி விஷயத்தைத் தொடுவதே இல்லை.

அது மாறும்வரை என்னால் செய்ய முடிந்தது ஏஜென்ட்மாரோடு திகதி பேசுவதுதான். 12க்கு முந்திய திகதியில் நான் செக் எழுதுவதில்லை. பதினாலு நாள்தான் தருவோம், அதுதான் கம்பனி ரூல் என்று ஒரு ரெப் தம்பி ஒற்றைக் காலில் நின்றார். அப்படியென்றால் சாமானை 28ஆம் திகதிக்குப் பிறகு இறக்குங்கள், பதினாலு நாளும் சரியாக வரும் என்றேன். இப்போது அவருடைய வான் மாதக் கடைசியில்தான் எங்கள் பக்கம் ஏறுகிறது.