எம்டனுக்குக் கரி சுமந்த புரெஸ்க்

முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையைத் தாக்கிய கதையை விரிவாக எழுதிய கட்டுரையாளர், புரெஸ்க் என்ற சரக்குக் கப்பலை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தமளிக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்து ஐந்து நாள் கழித்து, அரபிக்கடலில் எம்டன் சிறைபிடித்த பிரித்தானியக் கப்பல் அது. அதில் ஆறாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட உயர்ந்த ரக வேல்ஸ் நிலக்கரி, பிரித்தானியக் கடற்படைக்கென்றே ஏற்றப்பட்டிருந்தது. எந்தத் துறைமுகத்திலும் கரி கேட்க முடியாத எம்டனுக்கு, தன்னை வேட்டையாடியவர்களின் கரியே உயிர்மூச்சானது. அதிலும் அக்கரி குறைவாகவே புகைந்ததால், தொலைவிலிருந்து தன்னைக் காட்டிக்கொடுக்காமல் ஓட முடிந்தது.

நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கொக்கோஸ் தீவுகளருகே எம்டன் கரி நிரப்ப புரெஸ்க்கை அழைத்திருந்தது. அடிவானில் எழுந்த புகையை எம்டனின் மாலுமிகள் முதலில் புரெஸ்க்கின் புகையென்றே நினைத்தார்கள். வந்ததோ ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி. போரில் சிதைந்த எம்டன் வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறிய பின், சிட்னி புரெஸ்க்கைத் துரத்திப் பிடித்தது. ஆனால் எம்டன் அதில் அமர்த்தியிருந்த ஜெர்மானியர்கள் அடிப்பகுதியின் கடல்நீர் வால்வுகளைத் திறந்து, மறுபடி மூட முடியாதபடி சேதப்படுத்திவிட்டிருந்தார்கள். மாலுமிகளைப் படகுகளில் இறக்கிக்கொண்ட சிட்னி, மூழ்கிக்கொண்டிருந்த கப்பல்மீது நான்கு குண்டுகளைச் சுட்டுவிட்டுத் திரும்பியது. அந்த ஆண்டுதான் கட்டி முடிக்கப்பட்ட புத்தம்புதுக் கப்பல் அது.